மில் சங்கும் பீடிச் சொளகும்

நேரத்தின் கதை – 14

மின்விளக்கு வந்தது நல்லதா, கெட்டதா என்று 1905 வாக்கில் பம்பாய் மில் தொழிலாளி ஒருவரிடம் கேட்டிருந்தால், கெட்டது என்று யோசிக்காமல் சொல்லியிருப்பார். அதுவரை மில்லுக்கு வேலை நேரத்தை வகுத்துக் கொடுத்தது சூரியன். விடிந்தால் தறி ஓடும், இருட்டினால் நிற்கும். கோடையில் நாள் நீளும், மார்கழியில் கொஞ்சம் மூச்சு விடலாம். பல்பு வந்தபின் அந்தச் சலுகையும் போயிற்று. வெளிச்சம் போட்ட மில்களில் சில, ஒரு நாளில் 15 மணி நேரம் வரை ஓடின.

சட்டம் இல்லாமலில்லை. சென்ற வாரம் பார்த்தோமே, 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். பெண்களுக்கு நாளுக்கு 11 மணி நேரம், பிள்ளைகளுக்கு 7 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை என்றெல்லாம் அது எழுதிவைத்திருந்தது. வளர்ந்த ஆண் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்பதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. ஆம்பிளை தன் விஷயத்தைத் தானே பேசி முடித்துக்கொள்வான் என்பது அன்றைய பொருளாதாரப் பண்டிதர்களின் நம்பிக்கை. யாரிடம் பேசி முடிப்பான் என்று அவர்களைக் கேட்க ஆளில்லை.

1907-இல் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. மாரிசன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தலைவர். உறுப்பினர்களில் ஒருவர் சென்னையிலிருந்து போன டாக்டர் டி.எம்.நாயர். ஆம், நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே நாயர்தான். நமக்கு அவரை மேடைப் பேச்சாளராகத் தெரியும். ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகையின் ஆசிரியராகத் தெரியும். அதற்குப் பத்தாண்டு முன்பே தொழிலாளியின் வேலை நேரத்துக்காக அவர் தனித்து நின்றது கட்சி வரலாறுகளில் ஓரமாகக்கூட இடம்பெறுவது அரிது. எனக்கு அதில் நெடுநாள் வருத்தம்.

ஆணையத்தின் முன் முதலாளிகள் வைத்த வாதம் ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அது வேறு வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வரப்போகிறது. இந்தியத் தொழிலாளி பன்னிரண்டு மணி நேரம் மில்லுக்குள் இருக்கிறானே தவிர, பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்வதில்லை. நடுவில் எழுந்து வெளியே போகிறான், சுருட்டோ பீடியோ பிடிக்கிறான், சாப்பிடுகிறான், குளிக்கிறான். ஆகவே உள்ளே இருக்கும் நேரம் வேறு, உழைக்கும் நேரம் வேறு. இதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. பஞ்சுத்தூசியும் புழுக்கமும் நிறைந்த கூடத்தில் பன்னிரண்டு மணி நேரம் எவனாலும் நிற்க முடியாது; அவ்வப்போது வெளியே வந்துதான் ஆக வேண்டும். நீண்ட நேரத்தால் வந்த பழக்கத்தையே நீண்ட நேரத்துக்கு நியாயமாகக் காட்டினார்கள்.

ஆணையத்தின் பெரும்பான்மை, ஆண்களின் நேரத்தை நேராகக் கட்டுப்படுத்தத் தயங்கியது. பதினான்கிலிருந்து பதினேழு வயது வரையுள்ளவர்களுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு வைத்துவிட்டால், அவர்கள் போனபின் பெரியவர்களை வைத்து மட்டும் மில்லை ஓட்ட முடியாது, தானாகவே எல்லாருக்கும் நேரம் குறைந்துவிடும் என்று சுற்றுவழி காட்டியது. நாயர் அதை ஏற்கவில்லை. மறுப்புக் குறிப்பு ஒன்றைத் தனியாக எழுதி, வளர்ந்த ஆணின் நேரத்துக்கும் சட்டத்திலேயே வரம்பு கட்டச் சொன்னார். 1911-இல் வந்த சட்டம், பெரும்பான்மை சொன்ன சுற்றுவழியை விட்டுவிட்டு, இந்த விஷயத்தில் நாயரின் பக்கம் சாய்ந்தது. ஆணுக்கும் நாளுக்கு 12 மணி நேரம்தான்.

ஆனால் ஒரு சின்னச் சொல் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. ‘நெசவு ஆலைகளில்’. நூற்பாலைக்கும் நெசவாலைக்கும்தான் இந்த வரம்பு. அரிசி மில், அச்சகம், தோல் பதனிடும் கூடம், எண்ணெய்ச் செக்கு எதற்கும் இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த வேலை நேரச் சட்டம் ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது நான் முதலில் புரட்டுவது எத்தனை மணி நேரம் என்ற பிரிவை அல்ல. யாருக்குப் பொருந்தாது என்ற பிரிவை. விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நாயர் ஆணையத்தில் இருந்த அதே 1908-இல் தூத்துக்குடியில் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் தொழிலாளர்கள் பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நடத்திய அந்தப் போராட்டத்தை இந்தத் தொடரில் முன்பே விரிவாகச் சொல்லிவிட்டேன். ஹார்வி என்ற பெயரை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்; கடைசியில் அவர்களுடைய இன்னொரு மில்லின் வாசலுக்குப் போகப்போகிறோம்.

பத்து ஆண்டு தள்ளி, பெரம்பூர். பக்கிங்ஹாம் மில், கர்னாடிக் மில் இரண்டும் பின்னி கம்பெனியுடையவை. ஜனங்களுக்கு அது ‘பி அண்டு சி’. அதன் பக்கத்தில் வியாபாரம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஒரு பக்தி சபை நடத்தி வந்தார்கள். ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று பெயர். பெயரைப் பார்த்தால் தொழிற்சங்கத்துக்கும் அதற்கும் பத்துக் காத தூரம். கதாகாலட்சேபம் கேட்க வந்த மில் ஆட்கள், கதை முடிந்ததும் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். நம் நாட்டின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27 அன்று, அந்தப் புலம்பலிலிருந்துதான் பிறந்தது. தலைவராக வந்தவர் அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி.வாடியா. பம்பாய்ப் பார்சி, தமிழ் தெரியாதவர். தமிழில் பேச ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு.வி.க. இருந்தார்.

முதலில் வந்த பெரிய குறை எது தெரியுமா? சம்பளம் அல்ல. அடி உதை பற்றியும் பேச்சு இருந்தது, ஆனால் முன்னே நின்றது மதியச் சோறு. சாப்பாட்டுக்கு விட்டது அரை மணி நேரம். அது சட்டப்படி சரி. 1911 சட்டம் கேட்டதும் அரை மணி நேரம்தான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மில்லிலும் சேர்த்துப் பத்தாயிரத்தை ஒட்டிய ஆட்கள். யந்திரத்தை விட்டு நகர வேண்டும். பஞ்சு ஒட்டிய கையையும் முகத்தையும் கழுவ வேண்டும். அதற்குக் குழாயடியில் நிற்க வேண்டும். தூக்குச்சட்டியைத் தேடி எடுக்க வேண்டும். உட்கார இடம் பிடித்து, தின்று, மறுபடி கை கழுவி, மணி அடிப்பதற்குள் யந்திரத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். இதில் மென்று தின்ன மிஞ்சுவது எவ்வளவு? அரை மணி நேரம் என்று எழுதிய கை, பத்தாயிரம் பேர் ஒரே வேளையில் கை கழுவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்திருக்காது.

நாள் முழுவதும் எட்டு மணி நேரமாக வேண்டும் என்ற கோஷம் சிகாகோவில் 1886-லேயே எழுந்துவிட்டது. பெரம்பூரில் 1918-இல் கேட்டது சாப்பாட்டு வேளையில் இன்னும் சில நிமிடங்கள். ஒன்று பெரிது, ஒன்று சின்னது என்று எனக்குத் தோன்றவில்லை. சோறு தொண்டையில் இறங்கும் வேகத்தை யார் முடிவு செய்வது என்ற கேள்வியைக் கேட்டவர்கள், மற்ற கேள்விகளையும் தாமாகக் கேட்டுவிடுவார்கள். கேட்டார்கள். அதற்காகக் கதவடைப்பும், 1920 டிசம்பரில் துப்பாக்கிச் சூடும், வாடியா மேல் உயர்நீதிமன்ற வழக்கும் வந்தன. 1921-இல் ஆறு மாதம் நீண்ட வேலைநிறுத்தமும் அதை ஒட்டிய புளியந்தோப்புக் கலவரமும் வந்தன. அவை வேறு அத்தியாயம்.

1919 அக்டோபரில் வாஷிங்டனில் முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு கூடியது. இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாக என்.எம்.ஜோஷி போனார், ஆலோசகராக வாடியா. நாளுக்கு 8, வாரத்துக்கு 48 என்று உலகத்துக்கு ஒரு கணக்கு அங்கே எழுதப்பட்டது. எழுதிய கையோடு விதிவிலக்கும் எழுதினார்கள். ஜப்பானுக்குப் பொதுவாக 57. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60. சீனா, பாரசீகம், சயாம் மூன்றுக்கும் எதுவுமே இல்லை. வெயில் நாட்டு உடம்பு வேறு, குளிர் நாட்டு உடம்பு வேறு என்ற பழைய பாட்டுதான். அந்த 60-உம் எல்லாருக்கும் அல்ல: தொழிற்சாலைச் சட்டத்துக்குள் ஏற்கெனவே வந்தவர்கள், சுரங்கத்தார், ரயில்வேயில் அரசு குறிப்பிடும் சில பிரிவுகள். அவ்வளவே.

இதற்குப்பின் நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 1920 தொடக்கத்தில் பம்பாயில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் மில்கள் 10 மணி நேரத்துக்கு இறங்கின. 1922 சட்டம் வாரத்துக்கு 60, நாளுக்கு 11 என்றது. 1934 சட்டம் வாரத்துக்கு 54. அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த காலத்தில் உருவாகி 1946-இல் நிறைவேறிய திருத்தம் 48 என்றது. 1948 சட்டம் அதை உறுதி செய்தது; மிகை நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பதும் அதில் இருந்தது. அறுபதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு வர, வாஷிங்டனிலிருந்து கணக்குப் பார்த்தால் 27 ஆண்டு.

இந்த வரிசையில் ஓர் ஊர் மட்டும் குறுக்கே புகுந்து முன்னால் ஓடிவிட்டது. புதுச்சேரி. 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் பிரெஞ்சுப் போலீசின் குண்டுக்கு இரையாகி, அடுத்த ஆண்டே எட்டு மணி நேரச் சட்டத்தை வாங்கிய கதையை அவசரத்தில் சொல்ல எனக்கு மனமில்லை. அடுத்த வாரம் முழுக்க அதற்குத்தான்.

இப்போது மில்லை விட்டு வெளியே வருவோம். மில்லுக்கு ஒரு கேட் உண்டு, ஒரு சங்கு உண்டு. கோவையிலும் மதுரையிலும் பழைய ஆட்கள் இன்றும் ‘ரெண்டாம் சங்குக்கு வந்தேன்’ என்றுதான் நேரம் சொல்வார்கள். கேட்டில் நின்றால் இன்ஸ்பெக்டருக்கு யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்று தெரியும். கேட்டும் சங்கும் இல்லாத வேலையை என்ன செய்வது?

சட்டத்தின் முதல் பதில் தலையை எண்ணுவது. 1881-இல் நூறு பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. 1891-இல் ஐம்பது. 1922-இல் இருபது. 1948-இல் மின்சாரத்தில் ஓடினால் பத்து, இல்லாவிட்டால் இருபது. எண்ணிக்கை இறங்க இறங்க, பட்டறைகளும் அதற்குத் தகுந்தாற்போல் இளைத்தன. ஒரே கூரை, நடுவில் ஒரு தட்டி. இந்தப் பக்கம் அண்ணன் பெயரில் ஒரு போர்டு, அந்தப் பக்கம் மைத்துனர் பெயரில் இன்னொன்று. இருபக்கமும் ஒன்பது ஒன்பது பேர். இதைப் பார்த்திராத தொழில் நகரம் தமிழ்நாட்டில் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

கடைச் சிப்பந்திக்கு 1947-இல் சென்னை மாகாணக் கடைகள் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. பிழை சொல்ல முடியாத எண்கள். ஆனால் அந்த எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பரப்பிக்கொள்ளலாம் என்று இடம் விட்டது. காலையில் கடை திறக்க வந்தவர் நடுவில் சும்மா இருந்தாலும் வீட்டுக்குப் போக பஸ் இல்லை. ஆக நாள் முழுக்கக் கடையோடுதான். அந்த எட்டு மணி நேரத்தில் உட்காரலாமா என்று சட்டம் சொல்லவே இல்லை. ஜவுளிக்கடைப் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றே தீர்த்தார்கள். அவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்ற திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 2021 செப்டம்பரில். 74 ஆண்டுகள்.

ரயில்வேயின் கதை இதைவிடச் சுவாரசியம். வாஷிங்டன் உடன்பாட்டை இந்தியா 1921-இல் ஏற்றது. ரயில்வேக்கு அதைச் சட்டமாக்கியது 1930-இல். ஒன்பது ஆண்டுகள் யோசித்துக் கண்டுபிடித்தது ஒரு வகைப்பாடு: ஒரு பக்கம் ‘தொடர்ச்சியான’ வேலை, இன்னொரு பக்கம் ‘இயல்பிலேயே விட்டுவிட்டு வரும்’ வேலை. முன்னதற்கு வாரத்துக்குச் சராசரி 60 மணி நேரம். பின்னதற்கு 84. ஏழு நாளும் பன்னிரண்டு மணி நேரம் என்று பெருக்கினால் வரும் எண் அது.

விட்டுவிட்டு வரும் வேலை என்றால்? பன்னிரண்டு மணி நேரப் பணியில் பாதியாவது சும்மா இருக்கும் நேரமாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் உடல் உழைப்போ இடைவிடாத கவனமோ தேவைப்படக்கூடாது. இதுதான் இலக்கணம். லெவல் கிராசிங் கேட் கீப்பர்களில் பலர் இந்த வகையில் சேர்ந்தார்கள்.

சின்ன வயதில் எங்கள் ஊருக்கு ஒரு மைல் தள்ளி அப்படி ஒரு கேட் இருந்தது. வேப்ப மரம், ஓட்டுக் கூரை போட்ட குட்டி அறை, சுவரில் கைப்பிடி சுற்றும் போன். நாங்கள் அவரை ‘கேட்டு மாமா’ என்போம். போன் அடிக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் பேசுவார். இவர் கேட்டைச் சாத்தி, பூட்டி, ஒரு எண்ணைச் சொல்வார். அங்கிருந்து வரும் எண்ணை நோட்டில் எழுதிக்கொள்வார். பிரைவேட் நம்பர் என்று அதற்குப் பெயர். எண் கைமாறினால்தான் வண்டிக்கு வழி. பகல் முழுக்க ஏழெட்டு வண்டி. நடுவில் அவர் மரத்தடியில் உட்கார்ந்து கயிறு திரிப்பார். கொடுத்து வைத்த மனுஷன், உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறார் என்று என் சித்தப்பா சொல்வார்.

ஒருநாள் அவரைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டோம். கேட்டிலிருந்து கோயில் கூப்பிடு தூரம். “போன் அடிச்சா யாருடா எடுப்பா?” என்றார். மேளச் சத்தம் கேட்டுக்கொண்டே அவர் அறை வாசலில் நின்றிருந்தார். அந்தப் பொழுது சட்டப்படி சும்மா இருந்த பொழுது. எத்தனை மணிக்கு அடிக்கும் என்று தெரியாத போனின் பக்கத்தில் இருப்பதற்குக் கவனம் தேவையில்லை என்று எழுதியவர், ஒருநாளும் அப்படி ஒரு போனுக்குப் பக்கத்தில் இருந்ததில்லை. மில் முதலாளிகள் 1908-இல் சொன்ன வாதம்தான் இது. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

1947-இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தீர்ப்பு ரயில்வே நேரங்களைத் திருத்தி எழுதியது. மிகக் கடுமையான வேலைக்கு வாரம் 45, தொடர்ச்சியான வேலைக்கு 54, விட்டுவிட்டு வருவதற்கு 75. குறைந்தது உண்மை, ஏணியின் படிகள் மட்டும் அப்படியே இருந்தன. ஒரே தண்டவாளத்தில், ஒரே வண்டிக்காக வேலை செய்யும் மூன்று பேருக்கு ஒரு வாரம் மூன்று நீளம்.

வண்டியை ஓட்டுபவர்களுக்கு வேறு தலைவலி. வண்டி எப்போது போய்ச் சேருகிறதோ அப்போதுதான் வேலை முடியும். சிக்னல் கிடைக்காமல் காட்டு நடுவில் நான்கு மணி நேரம் நின்றாலும் எஞ்சினை விட்டு இறங்கிப் போக முடியாது. நீராவி எஞ்சினின் சூட்டில் நின்று கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன்களும் டிரைவர்களும் 1973-இல் வேலைநிறுத்தம் செய்து, கையெழுத்துப் போட்டு ஏறியதிலிருந்து இறங்கும்வரை 10 மணி நேரத்துக்கு மேல் இல்லை என்ற உறுதியை அந்த ஆகஸ்டில் வாங்கினார்கள். மறு ஆண்டு மே 8 முதல் 27 வரை ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் எட்டு மணி நேர வேலையும் ஒன்று. அது ஒடுக்கப்பட்ட விதம் ஊரறிந்தது.

மலைக்குப் போனால் கடிகாரத்தின் இடத்தைத் தராசு பிடித்துக்கொள்கிறது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு 54 மணி நேரம் என்றது. மில் ஆளுக்கு 48 என்று ஆகி ஐந்து ஆண்டு கழித்து, கொழுந்து பறிப்பவருக்கு 54. வால்பாறையும் நீலகிரியும் நாற்பத்தெட்டுக்கு வர 1981 வரை காத்திருந்தன. இலங்கை மலையகத்தில் நம்மவர்கள் இதை மணிக்கணக்காகப் பேசுவதே குறைவு. அன்றைக்கு வைத்த கிலோ வந்தால் ஒரு பேர். வராவிட்டால் ‘அரைப் பேர்’. முழு நாள் மலையில் நின்றவருக்குப் பாதி நாள்தான் என்று தராசு சொல்லிவிடும்.

எண்ணிக்கையும் எடையும் கூலியாகிவிட்ட இடத்தில் வேலை நேரத்தைக் குறைப்பது என்றால் என்ன பொருள்? இந்தக் கேள்வியோடு சட்டம் நேருக்கு நேர் மோதி மண்ணைக் கவ்வியது பீடியில்தான்.

பீடி சுற்றுவது ஒரு காலத்தில் பட்டறை வேலை. கண்ணூர்ப் பக்கம் நூறு பேர் வரிசையாக உட்கார்ந்து சுற்றுவார்கள். ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து அன்றைய பேப்பரை எல்லாருக்கும் உரக்கப் படிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். ஏ.கே.கோபாலன் நாடாளுமன்றத்தில் விடாமல் பேசியதன் பலனாக 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. பட்டறையில் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48. வார விடுமுறை, சம்பளத்தோடு விடுப்பு, கழிப்பறை, குடிதண்ணீர். நல்ல சட்டம். கேரளம் 1968-இல் அதை நடைமுறைப்படுத்தியது.

மங்களூர் முதலாளிகள் பட்டறைகளை மூடிவிட்டு எல்லை தாண்டினார்கள். வேலை இழந்தவர்கள் 12,000 பேர் அளவில். அவர்களுக்காக 1969 பிப்ரவரி 15 அன்று தொடங்கியதுதான் தினேஷ் பீடி கூட்டுறவு. கேரளம் அப்படித் தப்பித்துக்கொண்டது. மற்ற இடங்களில் முதலாளிகள் இதைவிட எளிய வழியைக் கண்டார்கள். சட்டத்தின் வேலை நேரப் பிரிவு பட்டறைக்குத்தானே? பட்டறையே வேண்டாம். இலையையும் தூளையும் வீட்டுக்குக் கொடுத்துவிடு. சுற்றிக்கொண்டு வரட்டும், எண்ணி வாங்கிக்கொள்வோம். வீட்டுக்குள் எத்தனை மணிக்கு உட்கார்ந்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று கேட்க எந்த இன்ஸ்பெக்டருக்கும் வேலையில்லை. பட்டறையில் உட்கார்ந்தவர்களில் ஆண்கள் நிறைய. வீட்டுக்குப் போனதும் அது முழுக்கப் பெண்கள் வேலையாயிற்று. நேரத்தைக் குறைக்க வந்த சட்டம், நேரமே இல்லாத இடத்துக்கு வேலையைத் துரத்திவிட்டது. சட்டம் போட்டவர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் கேட் இருக்கும் என்று நம்பினார்கள்.

இருபது வருஷத்துக்கு முன் ஒரு வேலையாக விக்கிரமசிங்கபுரம் போயிருந்தேன். பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880-களில் மில் கட்டிய ஊர். கோரல் மில்லுக்கு மூத்தது. ஊரே மில்லைச் சுற்றி வளர்ந்தது. தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு திண்ணையிலோ நடைவாசலிலோ பெண்கள் மடியில் சொளகோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் போன வீட்டில் அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். முந்தின இரவே நனைத்துச் சாக்கில் சுருட்டி வைத்த இலை. தகட்டை வைத்து அளவாகக் கத்தரிக்கோலால் வெட்டிய துண்டுகள் ஒரு பக்கம் அடுக்கு. இன்னொரு பக்கம் தூள். இலையை எடுத்து, தூளைப் போட்டு, உருட்டி, நூலைச் சுற்றி, வாயை மடக்கிவிட்டு அடுத்ததற்குக் கை போகிறது. நான் ஒரு பீடிக்கு எத்தனை நொடி என்று எண்ண முயன்று தோற்றேன். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்குத்தான் கூலி.

“ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் சுத்துவீங்க?”

அந்தக் கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துச் சிரித்தார்.

“மணிக்கணக்கு யாரு பாத்தா அண்ணாச்சி? காலைச் சங்கு ஊதையில உக்காந்தா, மத்தியானச் சங்குக்கு பதினஞ்சு கட்டாச்சும் ஆயிருக்கணும். இல்லன்னா ராத்திரி லைட்டப் போட்டு உக்காரணும்.”

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. மில்லுக்குள் இருப்பவரை எட்டு மணி நேரத்தில் வெளியே அனுப்புவதற்காக ஊதுகிற சங்கு. அதைத்தான் அவரும் வைத்துக்கொண்டிருக்கிறார், தன்னைத் தானே விரட்டிக்கொள்ள.

அவர் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தார். மூன்று மணிச் சங்குக்கு வெளியே வந்தால் ஆற்றில் குளித்துவிட்டு, சாயங்காலம் கிளப்பில் கேரம் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்று பழைய நாளைச் சொன்னார். “அது யூனியன் வாங்கிக் குடுத்தது சார், சும்மா வரல” என்றார் பெருமையாக. அந்தப் பெருமைக்கு அவருக்கு முழு உரிமை உண்டு. அந்த அம்மா தலை நிமிரவில்லை; விரல் ஓடிக்கொண்டிருந்தது.

பொழுது சாயப் பீடிக்கடைக்குப் போனார். கூடவே போனேன். கடையில் தரம் பார்க்கிற ஆள் கட்டைப் பிரித்து, விரலால் அழுத்தி, இளைத்தது, பருத்தது, வாய் சரியாக மடியாதது என்று எடுத்துத் தனியே தள்ளினார். கழிவு. அன்றைக்கு இரண்டு கட்டுக்கு மேல் கழிந்தது. அந்தப் பீடிகளுக்குக் கூலியில்லை. அவற்றைச் சுற்றிய நேரம் எந்தக் கணக்கிலும் வராது. பாஸ் புத்தகத்தில் எண்ணைப் போட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் நிறுத்துக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது ராத்திரிச் சங்கு ஊதியது. சைக்கிளில் ஆட்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவர் தெரு ஓரமாக ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழி விட்டார். வீட்டுக்கு வந்ததும் சாக்கை விரித்து, தண்ணீர் மொண்டு, இலையை நனைக்க உட்கார்ந்தார். பள்ளிக்கூடப் பையை மூலையில் வைத்திருந்த மகள், கேட்காமலே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

(தொடரும்)